புது வீட்டுக்குப் பழைய கதவு

நடுவர் அவர்களே, எதிரணியினரே, நோவையிலிருந்தும் ட்ராயிலிருந்தும் கேன்டனிலிருந்தும் சனிக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருப்பவர்களே, வணக்கம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும். மணியடிக்க நடுவர் இப்போதே கையை வைத்துவிட்டார்.

"இடித்துக் கட்டப்படும் ஓர் அணியில் இளம் வீரர்கள் வளர்வது தோற்றுப் பழகியா, மூத்தவர் துணையிலா?" இதுதான் தலைப்பு. ஆட்டம் கூடைப்பந்து, பேச்சு நம் ஊர் அணி டெட்ராய்ட் பிஸ்டன்ஸைச் சுற்றி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு மூத்தவர் பக்கம் விழுந்தது. விழுந்த பிறகு யோசித்துப் பார்த்தேன், இந்தப் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அங்கே இருந்திருக்கும்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "32 வயசு டோபயஸ் ஹாரிஸைக் கூட்டிவந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸைத் தூக்கி நிறுத்தினாங்களாம். புது வீடு கட்டுறவன் பழைய கதவை வாங்கி மாட்டின கதை!" நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது, அடி விழுந்தது எனக்கு என்று. அந்தக் கதவுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் அம்மா கதை ஒன்று.

2023இல் ஆறு மாத விசாவில் அம்மா இங்கே வந்திருந்தார். எனக்குப் பிஸ்டன்ஸ் பைத்தியம். அம்மாவுக்குக் கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. அந்த சீசனில் முதல் ஆட்டம் மயாமியில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அக்டோபர் 27, 28 இரண்டு நாளும் அடுத்தடுத்து ஜெயித்தோம். அந்த இரண்டு நாளும் அம்மா நியூஜெர்சியில் என் தங்கை வீட்டில் இருந்தார். அக்டோபர் 30 திரும்பி வந்தார். அன்று ராத்திரி என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, "அந்த நெட்டைப் புள்ள யாருப்பா?" என்று கேட்டார்.

"கேட் கன்னிங்ஹாம்மா."

"கேட்டா? வாசல்ல இருக்குமே, அந்தக் கேட்டா?"

"ஆமாம்மா. அணிகள் புதுப் பசங்களை வரிசையா எடுக்கிற டிராஃப்ட்டில், 2021ல முதல் ஆளா எடுத்தாங்க. 22 வயசு."

"நல்லா இருக்கட்டும்" என்றார். அன்று தோற்றோம்.

அடுத்ததும் தோற்றோம். அதற்கு அடுத்ததும். தீபாவளி வந்தது, அம்மா அதிரசம் சுட்டார், ஜெயிக்கவில்லை. கார்த்திகை தீபம் வந்தது, பால்கனியில் விளக்கு வைத்தார், ஜெயிக்கவில்லை. மார்கழி பிறந்தது. நான் வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டார், "இன்னைக்காவது ஜெயிப்பானா?" வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 23. அம்மா விரதம். அன்றும் புரூக்ளினிடம் தோற்றோம். சொர்க்கவாசலே திறந்த நாளில் எங்கள் கேட் திறக்கவில்லை, நடுவர் அவர்களே!

டிசம்பர் 26 மறுபடியும் அதே புரூக்ளின். இந்த முறை நம் ஊர் லிட்டில் சீசர்ஸ் அரங்கில். அந்தப் பிள்ளை 41 புள்ளி. அதில் 37 இரண்டாம் பாதியில் மட்டும். அப்படியும் தோற்றோம். தொடர்ந்து 27ஆவது தோல்வி, ஒரே சீசனில் அதுவரை யாரும் அப்படித் தோற்றதில்லை. அணியை வித்துட்டுப் போ என்று ஜனம் முதலாளியைப் பார்த்துக் கத்துகிறது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கேட்டது இது: "நாப்பத்தொண்ணு அடிச்சும் தோத்தானா? மத்தவங்க எல்லாம் என்னப்பா பண்ணிக்கிட்டிருந்தாங்க? அந்தக் கூட்டத்துல பெரியவங்கன்னு யாருமே இல்லையா?"

இரண்டு நாள் கழித்து பாஸ்டனில் ஆட்டம். ஒரு கட்டத்தில் 21 புள்ளி முன்னிலை. அம்மாவுக்குப் பரபரப்பு தாங்கவில்லை. "பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிடறேன்." வேண்டாம்மா, முடியட்டும் என்றேன். கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் உடைத்தார். உடைத்ததோடு நிற்காமல் கற்பூரம் வேறு ஏற்றினார். மேலே இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. நான் நாற்காலி மேல் ஏறித் துண்டால் வீசுகிறேன், மனைவி ஜன்னலைத் திறக்கிறாள், டிசம்பர் குளிர் உள்ளே வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். எல்லாம் அடங்கி வந்து பார்த்தால் முன்னிலை போய்விட்டது. ஓவர்டைமில் 128க்கு 122, தோல்வி. இருபத்தெட்டு. அம்மா கையில் தேங்காய் மூடி.

டிசம்பர் 30 மதியம் அம்மாவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். அன்று ராத்திரி டொரண்டோவை 129க்கு 127 என்று ஜெயித்தோம்.

என் மனைவி காலண்டரைப் பார்த்தாள். அக்டோபர் 30, டிசம்பர் 30. என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருந்தால் இன்று வேறு மேடையில் நின்றிருப்பேன்.

சென்னையில் இறங்கியதும் அம்மா போன் பண்ணினார். ஹலோ இல்லை, வந்து சேர்ந்தேன் இல்லை. "ஜெயிச்சானா?" என்றார். ஜெயிச்சுட்டாம்மா என்றேன். "நான் பக்கத்துல இல்லாதப்பதான் ஜெயிக்கணுமா, சரி, நல்லா இருக்கட்டும்."

இப்போது கதவு.

சகோதரிக்கு ஒன்று தெரிந்திருக்காது. எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். பழைய கதவைப் பற்றிக் காரைக்குடிக்காரனிடம் பேசலாமா? முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வாருங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு நிலையும் கதவும் கடைக்குக் கடை சாத்தி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் யார்? புது வீடு கட்டுகிறவர்தான்! சென்னையிலிருந்து லாரி வைத்துக்கொண்டு வந்து வாங்குகிறார்கள். ஏன்? புது மரத்தில் ஈரம் இருக்கும். ஐப்பசி மழைக்கு ஊதிக்கொள்ளும். சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. பழைய கதவு எழுபது எண்பது மழையைப் பார்த்த மரம். அதற்கு மேல் ஊதவும் ஊதாது, வளையவும் வளையாது. ஆசாரியைக் கேளுங்கள், மரம் ஆறவேண்டும் என்பார். டோபயஸ் ஹாரிஸ் ஆறின மரம். இன்னொன்று சொல்லட்டுமா? அவர் 2016இலிருந்து 2018 தொடக்கம் வரை இதே பிஸ்டன்ஸில் ஆடியவர். பிளேக் கிரிஃபினை வாங்குவதற்காக அன்று கழற்றிக் கொடுத்தார்கள். 2024இல் இரண்டு வருடத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். விற்ற கதவையே கூடுதல் விலைக்கு வாங்கி, அதே வாசலில் மாட்டியிருக்கிறார்கள் சகோதரி! அருமை தெரியாமலா வாங்குவார்கள்? தவிர, கேட் என்று பெயர் வைத்த பிள்ளை வாசலில் தனியாக நின்றால் போதுமா, வீட்டுக்குக் கதவு வேண்டாமா?

சரி, சிரித்தது போதும், ஆட்டத்துக்கு வருவோம். 2023-24இல் பிஸ்டன்ஸ் 14 வெற்றி, 68 தோல்வி. கிளப் வரலாற்றிலேயே மோசமான சீசன். அடுத்த வருடம் 44 வெற்றி. கேட், ஜேலன் டியூரன், ஜேடன் ஐவி, ஆசார் தாம்சன், அதே பிள்ளைகள்தான். அதில் ஐவிக்குப் புத்தாண்டு அன்று கால் எலும்பு முறிந்து பாதி சீசன் போயே போய்விட்டது. அப்படியும் 44. கூடச் சேர்ந்தவர்கள் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், பிப்ரவரியில் டென்னிஸ் ஷ்ரூடர். கோச்சும் மாறினார், ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். அவரும் நம் கணக்குதான், அவரும் மூத்தவர்தானே.

இவர்கள் வந்து என்ன செய்தார்கள்? முந்தின வருடம் கேட் பந்தோடு உள்ளே நுழைந்தால் எதிரணி ஐந்து பேரும் கூடைக்கு அடியில் கூடிவிடுவார்கள். வெளியே நிற்பவன் எறிந்தால் விழாது என்று அவர்களுக்குத் தெரியும், அவனை யாரும் சீண்டக்கூட மாட்டார்கள். அந்தப் பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். பீஸ்லி வந்து வெளியே நின்றார். அந்த சீசனில் மட்டும் 319 மூன்று புள்ளிக் கூடைகள். அவரை விட்டு ஓர் அடி நகர எதிராளிக்குத் தைரியம் இல்லை. ஹார்டவே இந்தப் பக்கம், ஹாரிஸ் அந்தப் பக்கம். நடுவில் வழி திறந்தது. கேட் உள்ளே போனான், டியூரனுக்கு மேலே தூக்கிப் போட்டான், டியூரன் எகிறிச் செருகினான். 26 புள்ளி, 9 பாஸ் என்ற சராசரியோடு கேட், தலைசிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானது இந்த வழியில்தான். தோற்றுத் தோற்று அவன் கற்றுக்கொண்டது சுவர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான்.

பின் வரிசையிலிருந்து யாரோ கத்துகிறார்: "அந்த 28 தோல்வியிலயும் போக்டனோவிச் இருந்தாரே, அவர் பெரியவர் இல்லையா?" இருந்தார். 34 வயது. முதல் ஒரு மாதம் காயத்தில் வெளியே இருந்தார், திரும்பி வந்தார், வந்த பிறகும் தோற்றோம். நடுவர் அவர்களே, இந்த ஒரு பாயிண்டை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம்.

எதிரணித் தலைவர் ஓக்லஹோமா சிட்டி அணியைக் காட்டினார். பிள்ளைகளை ஆடவிட்டார்கள், தோற்கவிட்டார்கள், நான்கு வருடத்தில் வெற்றிகள் 24, 40, 57, 68 என்று ஏறின, 2025 ஜூனில் கோப்பை என்றார். கணக்கு சரிதான். ஆனால் கதையைப் பாதியில் தொடங்கினார். 2019-20இல் அங்கே 21 வயது ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர் யார்? 34 வயது கிறிஸ் பால்! 2024இல் 30 வயது அலெக்ஸ் கரூசோவை வாங்க அவர்கள் எதைக் கொடுத்தார்கள்? டிராஃப்டில் ஆறாவதாக எடுத்து ஆசையாக வளர்த்த ஜாஷ் கிடியைக் கொடுத்தார்கள். கோப்பை வாங்கின வீட்டிலும் போய்ப் பாருங்கள் தலைவரே, தேக்குக் கதவு இருக்கிறது. பிலடெல்பியாவிலும் பிள்ளைகளை வைத்துத் தோற்றுப் பார்த்தார்கள், 2015-16இல் பத்தே வெற்றி. நடுவிலேயே 36 வயது எல்டன் பிராண்டைக் கூப்பிட்டுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள்.

தெரியும், தலைவர் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புகிறார். படிக்கிறேன். "2025 சீசன் முடிந்ததும் ஷ்ரூடர் சேக்ரமெண்டோ அணிக்குப் போய்விட்டார். கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களே, வீட்டுக்கு என்ன காவல்?"

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விடியற்காலையைச் சொல்கிறேன்.

2025 ஏப்ரல். நியூயார்க்கோடு பிளேஆஃப் என்னும் கோப்பைச் சுற்றில் இரண்டாவது ஆட்டம். பிளேஆஃபில் தொடர்ந்து 15 தோல்வி எங்கள் கணக்கில். 2008க்குப் பிறகு ஒரு வெற்றி கிடையாது. இங்கே திங்கட்கிழமை ராத்திரி, ஊரில் செவ்வாய் விடியற்காலை. அம்மா போன் பண்ணி, "அந்தப் பொட்டிப் பக்கம் திருப்பி வையி" என்றார். நான் போனை டிவியைப் பார்த்து நிறுத்தி வைத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் இல்லையே, பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறார் என்று கண்ணாலேயே சொன்னேன்.

கேட் 33 புள்ளி எடுத்தான். மூன்றாம் கால்பகுதியில் முன்னிலை நன்றாகவே இருந்தது. நியூயார்க் நெருங்கியது, சமமானது. எனக்குப் பாஸ்டன் ஞாபகம் வந்துவிட்டது. மூக்கில் கற்பூர வாசனையே வந்தது. இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. பந்து ஷ்ரூடரிடம் வந்தது. வந்து மூன்று மாதம்கூட நிரம்பாத ஆள். யோசிக்கவே இல்லை, மூன்று புள்ளி தூரத்திலிருந்து எறிந்தார். விழுந்தது. 100க்கு 94.

நான் கத்தவில்லை. போனைக் கையில் எடுத்தேன். அங்கே நன்றாக விடிந்திருந்தது, திண்ணை வெளிச்சத்தில் அம்மா முகம். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டு நிலைக்கதவு தெரிந்தது, தாத்தா போட்டது. இங்கே வந்துவிடுங்கள் என்று நானும் தங்கையும் பத்து வருடமாகக் கேட்கிறோம். வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பார்.

"கடைசியில போட்டாரே, அவர் யாருப்பா?"

"டென்னிஸ் ஷ்ரூடர்மா. கேட்டுக்குத் துணையா இருக்கட்டும்னு கொண்டுவந்த பெரியவர்."

"எத்தனை வயசு?"

"முப்பத்தொண்ணு."

அம்மா சிரித்தார். "முப்பத்தொண்ணு பெரியவரா? உனக்கு என்ன வயசாச்சு?"

"நாற்பத்து நாலும்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் சேவல் கூவியது கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றார்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.