உப்புக்காற்று தின்ற ஸ்விட்ச்: மதர்போர்டை மாற்றுவது எப்படி?

[காட்சி: மேசை விளக்கின் கீழ் பின்மூடி கழற்றிய கையடக்க விளையாட்டுக் கருவி. உருப்பெருக்கிக் கண்ணாடி மெல்ல நெருங்குகிறது.]

வணக்கம். பாம்பனுக்கு அருகே மண்டபம் என்னும் கடலோர ஊரில் இருக்கும் எங்கள் பழுதுபார்ப்பு மேசைக்கு இந்தக் கருவி கீழக்கரையிலிருந்து வந்தது. 2017-ஆம் ஆண்டு வெளியான முதல் வகை நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி. பையனின் வாப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தது. பெருநாள் விடுமுறையில் கடற்கரைக்கு எடுத்துச் சென்றபோது ஓர் அலை தெறித்து நனைந்திருக்கிறது. துடைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடியிருக்கிறான். மூன்றாம் நாள் திரை எழவில்லை. ஒரு வாரம் அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணியெல்லாம் வத்திருச்சு, ஆனா உசுரு வர மாட்டேங்குது" என்று அவனுடைய உம்மா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதன் மதர்போர்டை, அதாவது செயலியும் மற்ற சிப்புகளும் பதிந்திருக்கும் முதன்மைப் பலகையைத்தான், இன்று மாற்றப் போகிறோம். ஆனால் திருகைக் கழற்றுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய போர்டைக் கொன்றது எது என்று கண்டுபிடித்து அதை அகற்றாமல் புதிய போர்டைப் பொருத்தினால், நம் கரையில் அந்தப் புதிய போர்டும் சில மாதங்களில் அதே வழியில் போய்விடும். போர்டை மாற்றுவது அரைமணி நேர வேலை. மீதி நேரம் முழுவதும் உப்போடுதான் நாம் போராட வேண்டும்.

[காட்சி: கனெக்டரின் மிக நெருக்கமான காட்சி.]

போர்டின் ஓரத்தில், தட்டையான ரிப்பன் கேபிள் நுழையும் இந்தக் கனெக்டரைப் பாருங்கள். தலைமுடியைவிடச் சற்றே தடித்த உலோகக் கால்கள் வரிசையாக நிற்கின்றன. இடது பக்கத்துக் கால்கள் பளபளப்பாக இருக்கின்றன. வலது பக்கத்தில் மூன்று கால்களின் அடியில் பச்சைப் பொடி பூத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. நடுக் காலை மரக்குச்சியால் தொடுகிறேன்; தொட்டதும் உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் உலோகம் இல்லை, உலோகத்தின் உப்பு மட்டுமே இருந்தது.

இது வெறும் ஈரத்தால் நடந்ததல்ல. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் இரவு நேர ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது அன்றாடம் நடப்பதுதான் என்பதால், ஒருமுறை கடல்நீர் பட்ட போர்டு இங்கே முழுமையாக உலர்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் அதன்மேல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். கருவியை அணைத்தாலும் உள்ளே பேட்டரி இணைந்தே இருப்பதால், அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் கசிந்து, நேர்முனையில் இருக்கும் செம்பையும் வெள்ளீயத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. அரிசி எதையாவது உறிஞ்சுமென்றால் நீரைத்தான் உறிஞ்சும். உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே கடல்நீர் பட்ட கருவியை அரிசியில் வைக்கும் ஒவ்வொரு நாளும் அரிப்புக்கு நாம் கொடுக்கும் அவகாசமே. நனைந்தவுடன் உறக்க நிலையில் விடாமல் முழுமையாக அணைத்து, சார்ஜரில் செருகாமல், அன்றைக்கே பேட்டரி இணைப்பைக் கழற்றக்கூடியவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பைச் சோதிப்பதற்கான மையத்தை இதே மண்டபத்தில்தான் வைத்திருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் வண்ணம் பூசிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலிலிருந்தும், வாடைக்காலத்தில் வடகடலிலிருந்தும் உப்பு இங்கே காற்றிலேயே வருகிறது. எனவே அலையே தெறிக்காத கருவிகளிலும் இந்தப் பச்சையை நான் பார்த்திருக்கிறேன்.

[காட்சி: மல்டிமீட்டர், டைப்-சி மின்அளவி.]

இனி, போர்டை மாற்றத்தான் வேண்டுமா என்பதை முடிவு செய்வோம். சார்ஜருக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு டைப்-சி மின்அளவியைச் செருகுங்கள். இக்கருவியோடு வரும் அசல் சார்ஜர் 5 வோல்ட், 15 வோல்ட் என இரண்டு நிலைகளில் மின்சாரம் தரும். கருவி சார்ஜரோடு சரியாகப் பேசினால் அளவி 15 வோல்ட்டுக்கு ஏறும். 5-லேயே நின்றுவிட்டால், சார்ஜிங் துளையிலோ, அந்தப் பேச்சை நடத்தும் சிப்பிலோ பழுது இருக்க வாய்ப்பு மிகுதி. போர்டு முழுவதையும் மாற்றாமல் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அடுத்து, பேட்டரியைக் கழற்றிய பின் மல்டிமீட்டரைப் பீப் ஒலி நிலையில் வைத்து, பெரிய கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்களின்) நேர்முனையையும் தரை (கிரவுண்ட்) முனையையும் தொட்டுப் பாருங்கள். நீண்ட பீப் வந்தால் எங்கோ நேரடி இணைப்பு (ஷார்ட்) விழுந்திருக்கிறது. ஒரேயொரு கெப்பாசிட்டர் பழுதாகி அப்படி ஆவதும் உண்டு. இந்தக் கீழக்கரைக் கருவியில் ஒன்றல்ல, நான்கு மின்வழிகள் தரையோடு சேர்ந்திருந்தன. போர்டின் உள்ளடுக்குகளுக்குள்ளேயே அரிப்பு இறங்கியிருக்கிறது. அதனால்தான் மாற்றுகிறோம். எடுத்த எடுப்பிலேயே "போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவது சரியான வேலை அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

போர்டை மாற்றினால் போவது என்ன என்பதையும் உரியவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இக்கருவியில் விளையாட்டின் சேமிப்பு (எதுவரை விளையாடினோம் என்ற பதிவு) மெமரி கார்டில் பதிவதில்லை; உள்ளே இருக்கும் 32 ஜி.பி. நினைவகத்தில்தான் பதிகிறது. அந்த நினைவகம் ஒரு சிறு துண்டாகப் போர்டின்மேல் செருகப்பட்டிருப்பதைப் பார்த்தவுடன், அதை மட்டும் கழற்றிப் புதிய போர்டில் செருகிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வேலை செய்யாது. அதில் இருப்பவை எல்லாம் பழைய போர்டின் செயலிக்கு மட்டுமே உரிய சாவியால் பூட்டப்பட்டவை. வேறு செயலியால் அதைத் திறக்க முடியாது. விலை கொடுத்துப் பதிவிறக்கிய விளையாட்டுகளை அதே கணக்கில் நுழைந்து மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். கட்டணச் சந்தா இருந்தால், இணையச் சேமிப்பகத்தை ஆதரிக்கும் விளையாட்டுகளின் சேமிப்பும் அங்கிருந்து திரும்பிவரும். மற்றவை போனவைதான்.

இந்தப் பையனின் சேமிப்புக்காகப் பழைய போர்டைக் கழுவி, பழுதான மூன்று கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய இருபது நிமிடம் உயிரோடு இருந்தது. அந்த நேரத்துக்குள் அவன் தன் சேமிப்பை மேலேற்றிவிட்டான். அதன்பின் எழவில்லை. எல்லாக் கருவிக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் முயன்று பார்க்காமல் விடக்கூடாது.

மாற்றுப் போர்டு வாங்கும்போது, அதனுடைய நினைவகத் துண்டும் சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். துண்டு இல்லாத போர்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எழாது. பழைய கருவியிலிருந்து எடுத்த போர்டாக இருந்தால், இணையச் சேவையிலிருந்து தடை செய்யப்பட்டதா என்பதையும் விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: கழற்றும் வேலை, மேலிருந்து.]

இரு பக்கக் கைப்பிடிகளையும் கார்டுகளையும் எடுத்துவிடுங்கள். பின்புறத்தில் இருக்கும் நான்கு திருகுகளுக்கு ஒய் வடிவ முனை வேண்டும். சாதாரண ஸ்டார் முனையை அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிவிடும். மேலும் கீழும் பக்கங்களிலும் உள்ளவை, தாங்கு காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒன்று ஆகியவை ஸ்டார் திருகுகள். கடலோரக் கருவிகளில் இவை துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, முதலில் இறுக்கும் திசையில் சற்றே அசைத்து, பிறகு கழற்றுங்கள்.

பின்மூடிக்கு அடியில் மெமரி கார்டு போர்டும், உலோகத் தகடும் வரும். தகட்டை எடுத்தவுடன் நீங்கள் செய்யும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவதாக இருக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் நெம்புகோலால் கனெக்டரை மேல்நோக்கித் தூக்குங்கள். அதன் பிறகே ஹீட் சிங்க் (செயலியின் சூட்டைக் கடத்தும் வெப்பக் குழாய்), விளையாட்டுக் கார்டு போர்டு, விசிறி, ஆன்டெனா இணைப்புகள்.

ரிப்பன் கேபிள்களில் நிதானம் தேவை. ஒவ்வொரு கனெக்டருக்கும் ஒரு சிறு பூட்டு உண்டு. அது நகத்தின் நுனியளவே இருக்கும். அதை நிமிர்த்திய பிறகே கேபிளை இழுக்க வேண்டும். உப்பு ஏறிய கனெக்டரில் பூட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வலிந்து நிமிர்த்தினால் உடைந்துவிடும், உடைந்தால் அந்தக் கேபிள் பிறகு நிற்காது. ஆல்கஹால் விட்டு ஒரு நிமிடம் பொறுத்திருந்து, இரு ஓரங்களையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். எல்லாம் விடுபட்டபின் போர்டின் திருகுகளைக் கழற்றினால் அது எளிதாகவே கையோடு வந்துவிடும்.

[காட்சி: வெறும் சட்டகம். பச்சைத் தடங்கள்.]

இப்போது புதிய போர்டை எடுக்காதீர்கள். சட்டகத்தைப் பாருங்கள். கைப்பிடிகள் செருகும் பக்கத் தண்டவாளங்களிலிருந்து வரும் கேபிள்களின் நுனியிலும், விசிறியின் செருகியிலும், விளையாட்டுக் கார்டு போர்டின் அடியிலும் அதே பச்சை இருக்கிறது. நாம் மாற்றப் போவது போர்டை மட்டும்தான். இவையெல்லாம் புதிய போர்டின் புத்தம்புதிய கால்களுக்குள் நுழையப் போகின்றவை.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. ஆல்கஹால் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று நம்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மட்டும் துடைப்பார்கள். உப்பு அதில் கரைவதில்லை என்றே சொல்லலாம். உப்பு நீரில்தான் கரையும். ஆகவே முதலில் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு, பச்சை மறையும்வரை தேய்த்துக் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். நம் ஊரில் அதுவே உப்பு. அதன்பின் 99 விழுக்காடு ஆல்கஹாலால் கழுவினால், மிஞ்சிய நீரை அது தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். திரையின் ஓரத்துக்குள் நீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான காற்றில் குறைந்தது சில மணி நேரம் உலர விடுங்கள். தங்கப்பூச்சு போய்ச் செம்பு தெரியும் கேபிளைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள். அதன் விலை போர்டின் விலையில் மிகச் சிறு பங்கே.

இனிப் பொருத்துவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். செயலியின்மேல் ஓர் அரிசி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) வையுங்கள். தகட்டுக்கும் வெப்பக் குழாய்க்கும் இடையில் இருந்த தடித்த இளஞ்சிவப்புப் பசையையும் மறக்காமல் நிரப்புங்கள். அது இல்லாவிட்டால் சூடு தகட்டுக்குப் போகாது. பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள். இணைத்தவுடன் கருவி எழாவிட்டால் பதற வேண்டாம். சார்ஜரைச் செருகினால்தான் பெரும்பாலும் விழிக்கும்.

[காட்சி: திரை ஒளிர்கிறது.]

பின்மூடியைப் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சோதியுங்கள். அளவி 15 வோல்ட்டுக்கு ஏறுகிறதா, விசிறி சுழல்கிறதா, தொடுதிரை நான்கு மூலையிலும் கேட்கிறதா, இரு கைப்பிடிகளும் தண்டவாளத்தில் செருகியதும் சார்ஜ் ஏறுகின்றனவா, வைஃபை பிடிக்கிறதா, கார்டுகளைப் படிக்கிறதா, ஒலி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரைமணி நேரம் ஒரு விளையாட்டை ஓட விட்ட பின்பே மூடுங்கள்.

பழைய போர்டை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. பையனின் கணக்கு விவரங்கள் அதன் நினைவகத்தில் இன்னும் இருப்பதால், அந்தத் துண்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, கருவியுடன் அவன் உம்மாவிடமே கொடுத்துவிட்டோம்.