பச்சைப் பொட்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். மைக் முன்னாடி பேசி பழக்கம் இல்ல, கடைல பேசற மாதிரியே பேசிடறேன், கோச்சுக்காதீங்க.

போன ஆடி மாசம் பக்கத்து தெரு அக்கா ஒருத்தங்க வந்து போனை நீட்டினாங்க. "தம்பி, இத கொஞ்சம் பாரு, அம்மன் வந்திருக்கா." கோயில்ல தீபாராதனை அப்போ எடுத்த போட்டோ. வலது பக்கம் கீழ கற்பூரம் எரியுது, இடது பக்கம் மேல, செவுத்துல, பச்சையா ஒரு வெளிச்சப் பொட்டு. அவங்க பையன் ஏற்கனவே ஏஐ கிட்ட கேட்டுட்டானாம், "தொண்ணூறு பர்சன்ட் நிஜம்னு சொல்லிடுச்சு"ன்னாங்க.

எனக்கு அந்த தொண்ணூறுதான் உறுத்துச்சு. எதுல தொண்ணூறு? இதுக்கு முன்னாடி நூறு பேருக்கு அம்மன் காட்சி குடுத்து, அதுல எத்தன நிஜம்னு எண்ணி யாராவது அந்த மெஷினுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்களா, இல்லையே, அது அடுத்து எந்த வார்த்தை வந்தா பொருந்தும்னு கணக்கு போட்டு பேசற சாமான். அதே போட்டோவ போட்டு "இது தெய்வீக ஒளிதானே"ன்னு கேட்டேன், ஆமான்னு ஒரு பக்கத்துக்கு உருகி உருகி எழுதுச்சு. புதுசா ஆரம்பிச்சு "இது லென்ஸ் கோளாறுதானே"ன்னு கேட்டேன், சரியா சொன்னீங்கன்னு என்னை பாராட்டுது! கிளி ஜோசியக்காரர் கூட இவ்ளோ சீக்கிரம் மாத்த மாட்டாரு. இதுல வேடிக்கை என்னன்னா, இல்லாதத இருக்குன்னு இது அடிச்சு விடறதுக்கு அந்த தொழில்ல இருக்கவங்க வச்சிருக்க பேரே ஹாலுசினேஷன், மாயக்காட்சி.

பொட்டு என்னன்னு பாக்க ஏஐ வேணாம், ஒரு ஸ்கேல் போதும். கற்பூர சுடர்லேந்து படத்தோட நட்டநடு வழியா கோடு போட்டா, அந்தப் பக்கம் அதே தூரத்துல பொட்டு நிக்குது. லென்சுக்குள்ள வெளிச்சம் பட்டு திரும்பி வர்றது, ராத்திரில தெருவிளக்க எடுத்துப் பாருங்க, உங்க போன்லயும் வரும். இந்த மாதிரி வேலைக்கு, வீடியோ வெட்டி ஒட்டினதா, சாட்சி சொன்னவங்க பேச்சுல தேதி இடிக்குதா, காட்சின்னு சொல்லி வசூல் பண்றவன் கணக்கு சரியா, இதுக்கெல்லாம் மெஷின் ஒத்தாசை பண்ணும், அதுவும் மேல ஒரு மனுஷன் உக்காந்து பாத்தா.

அக்காகிட்ட கோட்ட காட்டினேன். பாத்துட்டு, "சரிப்பா, இது கண்ணாடி வேலை. நான் பாத்தது இது இல்லையே"ன்னாங்க. கண்ண மூடி நின்னப்போ செத்துப் போன அவங்க அம்மா மஞ்சப் பொடவைல பக்கத்துல வந்து நின்னாங்களாம், மஞ்சள் அரைச்ச ஈர வாசனை வந்துச்சாம். அதுக்கப்புறம் கண்ண தொறந்து எடுத்ததுதான் அந்த போட்டோ. அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன், போட்டோவ உடைச்சிட்டேன், ஆனா காட்சிக்குத்தான் போட்டோவே இல்லையே.

காட்சிய விசாரிக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. நம்ம பாண்டிச்சேரி பக்கத்துல இருக்க வில்லியனூர் மாதா கோயில் 1877ல கட்டினது, அது லூர்து மாதா பேர்ல. பிரான்ஸ்ல லூர்துல 1858ல பெர்னதெத்துன்னு பதினாலு வயசு பொண்ணு பதினெட்டு தடவ மாதாவ பாத்தேன்னு சொல்லுச்சு, பிஷப்பு விசாரிச்சு ஒத்துக்க 1862 ஆயிடுச்சு. மெட்ஜுகோரியேன்னு பாஸ்னியால ஒரு ஊர், அங்க 1981லேந்து சில பேரு மாதாவ பாக்கறோம்னாங்க, 1984ல பிரெஞ்சு டாக்டருங்க காட்சி நேரத்துல அவங்க தலைல வயர் மாட்டி மூளை அலைய அளந்தாங்க. தூக்கம் இல்ல, வலிப்பு இல்லன்னு தெரிஞ்சுது, எதிர்ல யார் நின்னாங்கன்னு அந்த பேப்பர்ல எங்க வரும்? 2024 மே மாசம் வாடிகன் புது விதி போட்டுச்சு, இனிமே இது தெய்வச் செயல்தான்னு பொதுவா அறிவிக்க மாட்டோம், அதிகபட்சம் தடையில்லன்னு சொல்லுவோம்னு. அவங்களே அவ்ளோ யோசிக்கறாங்க, நம்ம பையன் ரெண்டு செகண்டுல பர்சன்ட் வாங்கிட்டு வந்துட்டான்.

வடலூர்ல, வள்ளலார் கட்டின ஞானசபைல தைப்பூசத்துக்கு ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவாங்க, ஒரு வருஷம் கூட்டத்துல இடிபட்டு நானும் நின்னேன். எனக்கு தெரிஞ்சது ஒரு வெளிச்சம், அவ்ளோதான். பக்கத்துல நின்ன பெரியவரு தோள் குலுங்க அழுதாரு. கேமரா வச்சிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே படம்தான் விழுந்திருக்கும்.

அக்கா கிளம்பறப்ப, "அந்த பச்சைய மட்டும் அழிச்சுட முடியுமா"ன்னு கேட்டாங்க. இப்ப வர்ற போன்ல ஏஐ அழிப்பான் இருக்கு, விரலால ஒரு சுத்து சுத்தினேன், போயிடுச்சு. பிரிண்ட் போட்டு அவங்க அம்மா படத்துக்கு கீழ மாட்டியிருக்காங்களாம், பிரேம் மட்டும் நூத்தம்பது ரூபா ஆச்சுன்னு குறைபட்டுக்கிட்டாங்க.