கிரிக்கெட்டை மறந்து எல்லேயை நினையுங்கள்: ரொறன்ரோவிலிருந்து ஒரு கேள்வி

போன கிழமை வந்த கேள்விகளில் ஒன்று இன்னும் மனதிலேயே கிடக்கிறது. எழுதியவர் மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடித் தங்கச்சி ஒருவர். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். ஏழு வயது மகன் பேஸ்போல் விளையாடுகிறான். "பயிற்சியில் அடிக்கிறான் அண்ணா, மெட்ச் என்றால் ஒரு பந்தும் படுவதில்லை. அப்பா வேலியில் நின்று மட்டையை நேராப் பிடி என்கிறார், கோச் வேறு சொல்கிறார். என்ன செய்யலாம்?" இதுதான் கேள்வி.

நேர் மட்டை கிரிக்கெட் பாடம், தங்கச்சி. அங்கே பந்து நிலத்தில் குத்தி எழும்பும். பேஸ்போலில் குத்தாமலே வரும், மட்டையும் உருண்டை. எங்கள் இலங்கையில் பேஸ்போலுக்குக் கிட்டிய விளையாட்டு எல்லேதான். மூங்கில் தடி, டெனிஸ் பந்து, அடிக்க மூன்று சந்தர்ப்பம். உங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் எல்லே அடித்திருப்பார், அதை நினைத்துக்கொண்டு மகனுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் எல்லே காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப் போவது தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன்: அடிப்பது கை இல்லை, கண். கல்லடியில் ஒரு பொடியன் பந்தைத் தொடவே மாட்டான். ஒருநாள் பந்து போடும் பக்கம் நின்று அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். தடி அசைந்த உடனே தலை மேலே போகிறது. அடிக்க முன்னமே, அடித்த பந்து எங்கே போகிறது என்று தேடுகிறான். பழைய பந்துகளை எடுத்து, ஒவ்வொன்றின் நாலு பக்கமும் மாக்கர் பேனையால் ஒரே எழுத்தைப் பெரிதாக எழுதினேன். அ, க, ம. "தடியைக் கீழே வை மனே, எழுத்தை மட்டும் சொல்லு." மூன்று நாள் பிழையாகவே சொன்னான். நாலாம் நாள் "ம" என்று கத்தினான். அப்புறம்தான் தடியைக் கையில் கொடுத்தேன்.

வீட்டில் முதலில் நிற்கும் பந்தை அடிக்க விடுங்கள். வாளியில் மண் போட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை, இங்கே எஸ்லோன் பைப் என்போமே அதை, பிள்ளையின் தொப்புள் உயரத்துக்கு நட்டு, மேலே பந்தை வைத்தால் போதும். அங்கே சின்னப் பிள்ளைகள் டீ-போல் என்று இப்படித்தான் தொடங்குகிறார்கள். அப்புறம் ஐந்தாறு அடி தள்ளி நின்று மெதுவாகப் போடுங்கள். மட்டையை ஒரு கையால் முன்னுக்கு நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை உடனே தாழ்ந்தால் மட்டை பாரம், மாற்றுங்கள். கண்ணை மூடுகிறான் என்றால் அது பயம், அதில் பிழை இல்லை. பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம், டெனிஸ் பந்து 60 கிராமும் வராது. பயம் போகும்வரை டெனிஸ் பந்தே நல்லது.

பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் வாவிக்கரைக்குத்தான் கூட்டிப்போவேன். விடியற்காலையில் வீச்சுவலைக்காரரைப் பாருங்கள். வலை ஓரம் பல்லில், கண் தண்ணீரில். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், கடைசியில்தான் கை. வலை வட்டமாக விரியும். மட்டை வீசுவதும் அதே ஒழுங்குதான்.

ஆனால் பயிற்சியில் படுவது மெட்சில் ஏன் படவில்லை? நீங்கள் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அங்கே பந்து போடுவதும் ஒரு பிள்ளை, அது எங்கே வரும் என்று அவனுக்கே தெரியாது. அதோடு வேலியிலிருந்து அப்பாவின் குரல். காது அப்பாவிடம் போனால் கண்ணும் போய்விடும். 1941 இல் அமெரிக்க பேஸ்போல் வீரர் டெட் வில்லியம்ஸின் அடிச் சராசரி .406. அதாவது பத்துத் தரம் அடிக்க நின்றால் நாலு தரம்தான் வெற்றி. இன்றும் அதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். மற்ற ஆறில் அவரும் அடித்து வெல்லவில்லை. இதை உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். மெட்ச் முடிந்து காரில் வரும்போது "ஏன் அடிக்கவில்லை" என்று கேட்காமல், "எந்தப் பந்து நல்லாத் தெரிந்தது?" என்று கேட்கட்டும்.

ஒரு மாதம் எழுத்துப் பந்தைச் செய்து பாருங்கள், தங்கச்சி. மகன் முதலில் எந்த எழுத்தை வாசித்தான் என்று எனக்கு எழுதுங்கள்.