சம்மதப் படிவம் தமிழில் வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மருத்துவப் பெருமக்களே, ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் பெங்களூரு நெரிசலில் நீந்தி அல்சூர் வரை வந்திருக்கும் தமிழன்பர்களே, வணக்கம். அரங்கை மனமுவந்து தந்த அறங்காவலர் குழுவுக்கும், வார்டு ரவுண்ட்ஸ் முடித்த கையோடு மேடைக்கு வந்த இதயநோய் மருத்துவர் ஐயாவுக்கும், மோர் கொடுத்து உபசரிக்கும் மகளிர் அணிக்கும் என் நன்றி.

நம் மருத்துவத் தரவு ஆராய்ச்சிக்கு எப்படிப் பயன்படுகிறது, எங்கே கெடுகிறது, அதைக் கொடுக்க நம் சம்மதத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று மூன்று செய்தி சொல்ல எண்ணம். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் வைத்தவர்களுக்குக் குளோபிடோக்ரெல் மாத்திரை தருவார்கள். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிய பிறகே அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம். ஐரோப்பியரைவிட ஆசியர்களிடம் இது அதிகம். ஆளுக்கேற்ற மருந்து என்பது இதைக் கண்டுபிடித்து மாற்று மாத்திரை கொடுப்பதுதான். அதற்கு மரபணு மட்டும் போதாது. மாத்திரை வாங்கிய தேதி, இடையில் நிறுத்திய நாட்கள், மறுபடி அட்மிட் ஆன தேதி எல்லாம் ஒரே ஆள் கணக்கில் சேர வேண்டும். இதே ஊரின் மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேர் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தும் இலக்கோடு 2020இல் தொடங்கியது. அஸ்திவாரம் அது, மேலே எழும்ப வேண்டிய சுவர் நம் ஆஸ்பத்திரிப் பதிவுகள்.

அந்தப் பதிவு எங்கே கெடுகிறது? நம் இனிஷியலில்! ‘கே. செல்வி’ லேபில் ‘செல்வி கே’ ஆகிறார், கல்யாணமானதும் ‘எம். செல்வி’. கணினிக்கு இவர்கள் மூன்று பெண்கள். மாத்திரை ஒருத்தி கணக்கில், மாரடைப்பு இன்னொருத்தி கணக்கில். மருந்து பலித்ததா என்று எந்த ஆய்வாளரால் சொல்ல முடியும்? ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் 14 இலக்க ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண் இந்தச் சிக்கலுக்குத்தான். அடுத்தது அலகு. வெறும் ‘7’ என்று பதிந்தால் அது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதமா, அன்றைய ரத்தத்தில் லிட்டருக்கு 7 மில்லிமோல் சர்க்கரையா? லிட்டருக்கு 7 மில்லிமோல் என்றால் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். அதிலும் வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று எழுதாவிட்டால் அந்த எண்ணே வீண். அளந்து போடு என்றார்களே பெரியவர்கள், அலகோடு அளந்து போடு!

‘பெயரை எடுத்துவிட்டோம், பயமில்லை’ என்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1990களில் அப்படித்தான் செய்தது. அரசு ஊழியர்களின் சிகிச்சைப் பதிவுகளில் பெயரை அழித்து, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் விட்டுவைத்து, ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. ரகசியம் பத்திரம் என்று ஆளுநர் வில்லியம் வெல்டே உறுதி சொன்னார். லதான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலர் கொடுத்து, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். இருபதே டாலர், ஐயா! ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறே பேர். ஆறில் ஆண்கள் மூவர். மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர். யார்? ஆளுநரேதான்! அவருடைய மருத்துவப் பதிவு அவர் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஆகவே பிறந்த தேதி வேண்டாம், வயது போதும். பின்கோடில் 560008 வேண்டாம், 560 போதும். மரபணுவுக்கோ இந்த வித்தை பலிக்காது. அது உங்கள் அண்ணனையும் மகளையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் சம்மதத்துக்கு வருகிறேன். கன்னட மண்ணில் கன்னடப் படிவம் இருப்பது நியாயம். கூடவே தமிழும் வேண்டும். கட்டட வேலைக்கு வந்த தர்மபுரிக்காரர் படிக்கத் தெரியாத மொழியில் கைநாட்டு வைத்தால் அது சம்மதமா? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும்போது ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலோ படிக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் உண்டு. அதைச் சாக்காக வைத்துத் தமிழை ஒதுக்க விடலாகாது. படிவத்தில் நான்கைக் கேளுங்கள்: எந்த ஆய்வு, தரவு யார் கைக்குப் போகும், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேண்டாமென்றால் யாரை அழைப்பது. கேட்டு, அளந்து போடுங்கள்.

வாசல் மேசையில் மாதிரித் தமிழ்ப் படிவம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு எந்த வரி புரியவில்லையோ அதன் கீழ் கோடு போட்டு, அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.