ராத்திரி வெளியே நிற்கும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இரவில் வெளியே நடமாடக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்காவின் ஒமாஹா நகரம் 1880-லேயே கொண்டுவந்தது. டாலஸ் நகரம் 1991-ல் போட்ட சட்டப்படி, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் வார நாட்களில் இரவு 11 மணிக்கு மேல் தெருவில் இருக்கக் கூடாது என்றிருந்தது. மீறினால் 500 டாலர் வரை அபராதம்.

பெற்றவர்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு அபராதச் சீட்டு மருந்தல்ல என்பது என் உறுதியான கருத்து.

வேலை முடிந்து வருபவர்களுக்கு டாலஸ் சட்டத்தில் விலக்கு இருந்தது. சரி, தெருவில் என்ன ஆகும்? பதினொன்றரை மணிக்குத் தனியாக நடந்துவரும் பதினாறு வயதுப் பையனைப் போலீஸ் நிறுத்துகிறது. வயது என்ன, எங்கே போகிறாய், யாருடைய பிள்ளை? வேலைக்குச் சான்று காட்ட அவன் கையில் ஒன்றும் இருக்காது. தப்பே செய்யாதவன் பதறிப்போய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் விழும் அடிக்குப் பயந்து வெளியே வந்து நிற்கும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். அவளைத் திரும்ப அதே வீட்டில் கொண்டுபோய் விட்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

இத்தனைக்கும் குற்றமாவது குறைந்ததா? பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காம்ப்பெல் அமைப்பு 2016-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் குறைந்ததற்கு ஆதாரம் காணவில்லை. அமெரிக்காவில் பள்ளி நாட்களில் சிறுவர் வன்முறை உச்சத்தைத் தொடுவது பள்ளி விட்ட கையோடு வரும் மாலை நேரத்தில்தான். டெக்சஸ் மாநிலமே 2023-ல், நகரங்கள் இப்படிச் சட்டம் போடக் கூடாதென்று தடுத்துவிட்டது. டாலஸும் அதில் அடக்கம்.

ஐஸ்லாந்திலும் நேரக் கட்டுப்பாடு உண்டே என்பார்கள். உண்டு. குளிர்காலத்தில் 12 வயது வரை இரவு 8 மணி, 13 முதல் 16 வரை 10 மணி. கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். ஆனால் அங்கே பெற்றோர்கள் தாங்களே கூட்டமாகச் சேர்ந்து இரவில் தெருக்களைச் சுற்றி வருகிறார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சி பணம் தருகிறது. 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். கடிகாரத்தை மட்டும் பார்த்து வந்த மாற்றமா இது?

புதிதாகச் சட்டம் எழுத உட்காரும் நகர மன்றங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகள் மாலையில் போய் இருக்க ஓர் இடத்துக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். இரவில் ஒரு பிள்ளையைக் கண்டால், வயதைக் கேட்கும் முன் வீட்டில் எல்லாம் நலமா என்று கேட்கத் தெரிந்த ஆளை அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.