புறப்படுவதற்கு முந்தைய நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனால் தவறாமல் ஒரு படம் எடுப்பார்கள். அருங்காட்சியக வாசலில் உயரவாரியாக மூன்று வரிசை, இரண்டு ஓரத்திலும் ஆசிரியர்கள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லாரும். அந்தப் படம் தலைமையாசிரியர் அறையில் ஒரு வருடம் தொங்கும். உள்ளே போய் என்ன பார்த்தார்கள் என்பதற்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் எங்கு தேடினாலும் தடயம் கிடைக்காது.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கு வரும் விருந்தினர்கள், பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது, கைவேலைப் பயிலரங்குகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய நாள் வகுப்பில் ஒரு கேள்வி எழ வேண்டும். மறுநாள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஏதாவது செய்ய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நடுவில் வரும் நாள் பாடமாகிறது. இல்லாவிட்டால் அது விடுமுறை. விடுமுறை கெட்டதென்று சொல்லவில்லை. அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர் சூட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விருந்தினரிடமிருந்து தொடங்குகிறேன். வழக்கமாக யாரை அழைக்கிறோம்? மருத்துவர், காவல்துறை அதிகாரி, பொறியாளர். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், விருந்தினர் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பார். "நன்றாகப் படித்தால் நீங்களும் என்னைப் போல வரலாம்" என்று முடிப்பார். கைதட்டல். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஒருமுறை எங்கள் மூன்றாம் வகுப்புக்குக் குழாய் பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். அவருக்கு மேடைப் பேச்சு வராது. அதுவே நல்லதாகப் போயிற்று. பையிலிருந்து ஒரு பழைய குழாயை எடுத்து, முறுக்குச் சாவியால் கழற்றி, உறுப்பு உறுப்பாக ஒரு துணியின்மேல் பரப்பினார். கைப்பிடியைத் திருகும்போது தண்டு எப்படிக் கீழே இறங்குகிறது, அதன் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் எப்படி ஓட்டையை அடைக்கிறது என்று காட்டினார். தேய்ந்த வாஷர் ஒன்றையும் புதியது ஒன்றையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். தேய்ந்ததில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விரல் நுனியால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்த ஒரு சிறுமி, "இவ்வளவுதானா?" என்றாள். குழாய் சொட்டுவதற்கு இவ்வளவு சின்னக் காரணமா என்கிற வியப்பு.

மறுநாள் அந்த வகுப்பு தானாகவே கணக்குக்குள் போய்விட்டது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்று பிள்ளைகளே எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 20 என்று வைத்துக்கொண்டால், சொட்டுகிற ஒரே குழாயில் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகிறது. பெருக்கல் வாய்ப்பாட்டை நான் வற்புறுத்த வேண்டிய தேவையே வரவில்லை. ஆகவே விருந்தினரை அழைக்கிறவர்களிடம் நான் சொல்வது: பேச்சைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், வேலைக்குரிய கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

விருந்தினர் யார் என்பதிலும் ஒரு சேதி இருக்கிறது. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 4,807 பேரிடம், "ஒரு விஞ்ஞானியை வரைந்து காட்டு" என்று கேட்டார். முடிவுகளை 1983-இல் வெளியிட்டார். அத்தனை படங்களிலும் பெண் விஞ்ஞானி இருந்தவை 28 மட்டுமே. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஒரு பையன்கூடப் பெண்ணை வரையவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வுகளை எல்லாம் 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, பெண் விஞ்ஞானி இடம்பெற்ற படங்கள் சராசரியாக 28 விழுக்காடாக உயர்ந்திருந்தன. உலகம் மாறியது, படமும் மாறியது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வகுப்புக்கு வந்து, தன் நுண்ணோக்கியை மேசைமேல் வைத்து, "வாருங்கள், ஒவ்வொருவராகப் பாருங்கள்" என்று சொன்னால், பெண்களாலும் முடியும் என்ற சொற்பொழிவுக்கு அங்கே வேலையில்லை.

வெளியே போவதைப் பற்றிப் பேசும்போது செலெஸ்தென் ஃப்ரெனேயை விட்டுவிட முடியாது. பிரான்ஸ் நாட்டுக்காரர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். 1920-இல் தெற்கு பிரான்ஸில் பார்-சூர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். நெடுநேரம் உரக்கப் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். பேசிப் பேசியே பாடம் நடத்த உடம்பு இடம் கொடுக்காதபோது ஆசிரியர் என்ன செய்வது? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே நடந்தார். வயலைப் பார்த்தார்கள், ஆற்றைப் பார்த்தார்கள், வேலை செய்யும் மனிதர்களைப் பார்த்தார்கள்.

ஊர் சுற்றிய ஆசிரியர்கள் உலகில் எத்தனையோ பேர் உண்டு. ஃப்ரெனே செய்த பெரிய காரியம் திரும்பி வந்த பிறகுதான். பார்த்ததைப் பிள்ளைகள் தங்கள் சொல்லில் சொன்னார்கள், எழுதினார்கள். ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கோத்து, மை தடவி, தாங்கள் எழுதியதை அச்சிட்டார்கள். ஒரு எழுத்து தவறினாலும் அச்சில் பல்லிளிக்கும். ஆகவே எழுத்துப் பிழையைத் தேடித் திருத்துவது அவர்களுடைய சொந்த அக்கறையாயிற்று. அச்சிட்ட தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டானியில் இருந்த ஒரு பள்ளிக்கு அஞ்சலில் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. காலையில் போன நடை இப்படி மொழிப் பாடமாகவும் புவியியலாகவும் வாரக்கணக்கில் நீண்டது. இன்றைய பள்ளிகளில் அச்சு இயந்திரத்தைவிட வசதியான சாதனங்கள் நிறைய உள்ளன. வேறொரு பள்ளிப் பிள்ளைகள் தங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கும் நிலைதான் பெரும்பாலும் இருப்பதில்லை.

முந்தைய நாளுக்கு வருகிறேன். ஜான் ஃபால்க் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1970-களின் கடைசியில் ஒன்றைக் கவனித்தார்கள். முற்றிலும் புதிய இடத்துக்குப் போகும் பிள்ளைகளின் கவனம் முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வதிலேயே செலவாகிறது. கழிப்பறை எங்கே, சாப்பிடுவது எப்போது, அந்த இருட்டான அறைக்குள் என்ன இருக்கிறது? இதெல்லாம் தெளிந்த பிறகுதான் பாடத்துக்கு மனம் திரும்பும். அதற்குள் ஆசிரியர், "கவனி, கவனி" என்று பத்து முறை சொல்லிக் களைத்திருப்பார். இதற்கு மருந்து எளியது. முதல் நாளே அந்த இடத்தின் வரைபடத்தையும் ஒளிப்படங்களையும் வகுப்பில் காட்டுங்கள். எந்த வாசல் வழியாக உள்ளே போவோம், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வியை ஒவ்வொரு பிள்ளையும் தானே எழுதட்டும். கையில் பத்துப் பக்க வினாத்தாளைத் திணித்து அனுப்பும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. பிள்ளை யானையின் எலும்புக்கூட்டைப் பார்க்காது. கோடிட்ட இடத்தை நிரப்ப, பக்கத்தில் ஒட்டியிருக்கும் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்.

எத்தனை பொருளைக் காட்டுவது? குறைவாகத்தான். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் 2011-இல் திறக்கப்பட்டது. வர விரும்பிய பள்ளிகள் ஏராளம்; யார் முதலில் வருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். போன பிள்ளைகளையும் காத்திருந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு அது அருமையான வாய்ப்பு. 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 11,000 மாணவர்கள் அதில் இடம்பெற்றார்கள். அங்கே ஒரு மணி நேரச் சுற்றில் நின்று பேசிய ஓவியங்கள் வழக்கமாக ஐந்துதான். வழிகாட்டி பேசியது கொஞ்சம், பிள்ளைகள் பேசியது அதிகம். ஓர் ஓவியத்தில் காட்டுக்குள் சிலர் மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரைக்கு எதிராக, அடிமை முறையை எதிர்த்தவர்கள் செய்த வேலை அது. வாரங்கள் கழித்து, தேர்வு, மதிப்பெண் என்ற எந்த நெருக்கடியும் இல்லாமல் கேட்டபோது, அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் இதைச் சரியாகச் சொன்னார்கள். இதிலே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. பணம் கட்ட முடியாத பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போகிற பள்ளிகள் யாரை விட்டுச் செல்கின்றன என்று பாருங்கள். எல்லாரும் வர முடியாத தொலைவு என்றால் எல்லாரும் நடந்து போகிற தொலைவில் இடம் தேடலாம். அஞ்சல் நிலையத்தின் பின்பக்கத்தில் கடிதம் பிரிக்கும் இடம் போதும், ஒரு வார வேலைக்கு.

பாதுகாப்பு, அனுமதிக் கடிதம், தலை எண்ணுதல் எல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரிந்தவையே, அவற்றை விரிக்கவில்லை.

பயிலரங்கு என்ற பெயரில் நடப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஏற்கெனவே வெட்டிய காகிதம், ஏற்கெனவே வரைந்த கோடு, சொன்ன இடத்தில் சொன்ன நிறம். ஒரு மணி நேரத்தில் நாற்பது வண்ணத்துப்பூச்சிகள் தயார், நாற்பதும் ஒரே அச்சு. சுவரில் ஒட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எந்தப் பிள்ளையும் எதையும் முடிவு செய்யவில்லை என்பதுதான் குறை.

களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை யானை செய்கிறது. உடம்பை உருட்டி, தும்பிக்கையை அப்படியே ஒட்டி வைக்கிறது. மண் காயும்போது சுருங்கும். மறுநாள் காலையில் தும்பிக்கை தனியே விழுந்து கிடக்கும். பயிலரங்கு நடத்துகிறவர் நேற்றே போய்விட்டிருந்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது அழுகை மட்டும். மறுநாளும் வந்தால், ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறச் சொல்வார். கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்தச் சொல்வார். ஏன் கீற வேண்டும், வழவழப்பாக இருந்தால் ஏன் பிடிக்காது என்று பிள்ளை கேட்கும். தும்பிக்கை விழுந்த பிள்ளைதான் அந்தக் கேள்வியைக் கேட்கும். அதனால் இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் கொடுப்பதைவிட, ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள்.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமீலியா நகரில் 1963 முதல் நகராட்சி நடத்தும் மழலையர் பள்ளிகளில் இதை நிரந்தரமாகவே ஆக்கினார்கள். லோரிஸ் மலகுட்ஸி என்ற கல்வியாளரின் வழிகாட்டலில், பள்ளிக்குள்ளேயே ஒரு கலைக்கூடம் அமைந்தது. கலை பயின்ற ஒருவர் ஆண்டு முழுவதும் ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அது மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு. தொடக்கப் பள்ளியில் அவ்வளவு வசதி எல்லாருக்கும் வாய்க்காது. வகுப்பின் மூலையில் ஒரு மேசையை ஒதுக்கி, பாதியில் நின்ற வேலையை யாரும் தொடாமல் வைத்திருக்க எந்தப் பள்ளியாலும் முடியும்.

கடைசியாகப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். "எதைத் தொட்டுப் பார்த்தாய்? யாரிடம் என்ன கேட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கோளரங்கத்துக்குப் போன பிள்ளை, பஸ்ஸில் பக்கத்துப் பையன் வாந்தி எடுத்த கதையை அரை மணி நேரம் சொல்லும். குறுக்கிடாமல் கேளுங்கள். சனிக்கோளின் வளையம் அதற்குப் பிறகு வரும். சில பிள்ளைகளுக்கு அது இரண்டு நாள் கழித்து, குளிக்கும்போது வரும்.

நன்றி, வணக்கம்.