மரத்தடி மண்ணும் ஒரு கோடைக்கால நடையும்

வணக்கம் நேயர்களே. வெயில் ஏறிவிட்டால் நாம் எல்லோரும் மரத்தைத் தேடுகிறோம். வண்டி நிறுத்த, பேருந்துக்குக் காத்திருக்க, பிள்ளை பள்ளி விட்டு வரும்வரை நிற்க. எப்படியோ ஒரு நிழல் கிடைத்துவிடும். எந்த மரத்து நிழலில் நின்றீர்கள் என்று யாராவது கேட்டால்தான் விழிப்போம். கோடை நடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

நான் பேச வந்தது மரப் பூங்காக்களைப் பற்றி. சில இடங்களில் ஆர்போரேட்டம் என்று பலகை வைத்திருப்பார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் பூங்கா இல்லை இது. இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஒரு பதிவேடு உண்டு. விதை எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு நட்டார்கள், எப்போது நோய் வந்தது, எந்தக் கிளையை வெட்டினார்கள், எல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தில் டெர்பி நகரில் 1840இல் இப்படி ஒன்றைப் பொதுமக்களுக்காகத் திறந்தார்கள். லௌடன் என்பவர் வடிவமைத்தார். உழைக்கும் மக்கள் உலாவவும் வேண்டும், உலாவும்போதே மரங்களின் பெயரைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும் என்பது அவர் எண்ணம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அர்னால்டு மரப் பூங்கா 1872இல் தொடங்கியது. இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

சரி, கோடையில் அங்கே போய் என்ன செய்வது? நடை, வகுப்பு, தன்னார்வ வேலை, இந்த மூன்றுதான். மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். என் பேச்சு குறிப்பின்படி போவது அபூர்வம், பார்ப்போம்.

நடை என்றதும் உடற்பயிற்சி நினைவுக்கு வரும். அது இல்லை. ஒரு நல்ல மர நடையில் ஒன்றரை மணி நேரத்தில் எட்டுப் பத்து மரங்களைத் தாண்டினாலே அதிகம். நேரமும் முக்கியம். விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இல்லையென்றால் மாலையில் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் நடக்கிறவர்களுக்குக் கஷ்டம் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. காற்றே அடிக்காத சூடான பிற்பகலில் வயதான பெரிய மரங்களின் கிளை திடீரென்று முறிந்து விழுவது உண்டு. உலகம் முழுக்க மரம் பராமரிப்பவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். ஏன் என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அதனால் பிற்பகலில் கிழட்டு மரத்தடியில் கூட்டத்தை நிறுத்தி வைத்துப் பேச மாட்டோம்.

மாலை நடைக்கு என் முதல் மரம் தூங்குமூஞ்சி. சாலையோரத்தில் குடை விரித்து நிற்குமே, அதுதான். ஐந்து மணிக்கு அதன் கீழே நின்று மேலே பார்த்தால் வானம் துளித்துளியாகத்தான் தெரியும். வெளிச்சம் மங்க மங்க இலைகள் ஒவ்வொன்றாக மடிந்துகொள்ளும். ஏழு மணிக்கு அதே இடத்தில் நின்றால் வானம் பாதி திறந்திருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் நீர் ஏறினால் இலை விரியும், இறங்கினால் மடியும். மேகம் மூட்டமாக இருந்தால் பகலிலேயே மடிந்துவிடும். இந்த மரத்தின் பூர்வீகம் நடு, தென் அமெரிக்கா. ஆனால் அதைப் பார்க்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்?

காலை நடை என்றால் கொன்றை. கோடையில் இலையைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்கும். தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு பூவைக் கையில் எடுங்கள். உள்ளே பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். மூன்று மட்டும் நீளமாக, மேலே வளைந்து எட்டிப் பார்க்கும். மற்றவை குட்டை. பெரிய கருவண்டு வந்து குட்டைத் தாள்களைப் பிடித்துக்கொண்டு உறுமும். அந்த அதிர்வில் கொட்டுகிற மகரந்தம் அதன் சாப்பாடு. அதே நேரத்தில் நீண்ட தாள்கள் அதன் உடம்பில் தூளைப் பூசிவிடும். அது அடுத்த பூவுக்கான தூள். கூலியும் கொடுத்து வேலையும் வாங்கிவிடுகிறது மரம். அந்த உறுமலைக் காதால் கேட்கலாம். கேட்க வேண்டுமென்றால் நாம் பேச்சை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் புங்கம். முன்கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே பளபளவென்று புதுத்தளிர் விடும். கொஞ்ச நாள் போனதும் இலையை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன விரல்கள் முளைத்த மாதிரி புடைப்புகள் இருக்கும். பிள்ளைகள் இதைக் காய் என்றே நினைப்பார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் இலையைத் தூண்டிவிட்டுத் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு அது. உள்ளே குடித்தனம் நடக்கிறது. இதைக் காட்டிவிட்டால் பிள்ளைகள் அடுத்த மரத்துக்கு நகர மாட்டார்கள். நகர்த்தவும் கூடாது என்பது என் கட்சி.

ஒரு நடையில் ஒரு பையன் கேட்டான், “மரம் வளரும்போது இந்தப் பெயர்த்தகடும் மேலே போயிடுமா?” என்று. கூட வந்த பெரியவர்கள் சிலர் தலையை ஆட்டினார்கள், ஆமாம் என்று. போகாது நேயர்களே. மரம் உயர்வது கிளைகளின் நுனியில். அடிமரம் பருக்கும், உயராது. நெஞ்சு உயரத்தில் அடித்த ஆணி ஐம்பது ஆண்டு கழித்தும் நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். மரம் பருத்து அதை விழுங்கப் பார்க்கும். அதனால்தான் விவரம் தெரிந்த பூங்காக்களில் தகட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். மரம் பருக்கப் பருக்க ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மரத்தின் கழுத்தை நெரித்த கணக்குத்தான்.

இப்போது என் பழைய பாட்டுக்கு வருகிறேன். என்னோடு நடந்தவர்கள் இந்நேரம் வானொலியை நிறுத்தப் போயிருப்பார்கள், எத்தனை தடவைதான் கேட்பார்கள்! லண்டனை ஒட்டியுள்ள கியூ தாவரவியல் பூங்காவில் டர்னர் ஓக் என்று ஒரு மரம். 1798இல் நட்டது. 1980களில் அது நலிந்து போயிருந்தது. 1987 அக்டோபரில் ஒரு ராத்திரி பெரும்புயல். அந்த ஒரு பூங்காவில் மட்டும் சுமார் 700 மரங்கள் விழுந்தன. டர்னர் ஓக்கைப் புயல் வேரோடும் மண்ணோடும் அப்படியே தூக்கியது. தூக்கிவிட்டு, மறுபடி அதே குழியில் உட்கார வைத்துவிட்டது.

மரம் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் விழுந்து கிடப்பதை வெட்டி அகற்றவே ஆள் போதாது. நிற்பதற்கு முட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து இதனிடம் வந்து பார்த்தால், புயலுக்கு முன் இருந்ததைவிடத் தெம்பாக நிற்கிறது! புதுக்கிளை, புது இலை. என்ன நடந்தது? அத்தனை ஆண்டுகளாக லட்சக்கணக்கானவர்கள் அந்த மரத்தடியில் வந்து நின்றிருக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். மண் இறுகிவிட்டது. வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இறங்கவில்லை. புயல் வந்து, பழைய பஞ்சு மெத்தையை உதறிப் போட்ட மாதிரி அந்த மண்ணை உதறிப் போட்டது. வேர் மூச்சு விட்டது. அதற்குப் பிறகு கியூவில் புயலுக்குக் காத்திருக்கவில்லை. அழுத்தமேற்றிய காற்றை மண்ணுக்குள் செலுத்தி இளக்க ஆரம்பித்தார்கள். மரத்தைச் சுற்றிப் புல்லை எடுத்துவிட்டு வட்டமாக மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் போர்வை, போட்டார்கள்.

கவனியுங்கள், அந்த மரத்தை யாரும் வெட்டவில்லை, கல்லெறியவில்லை. பிரியமாகப் பார்க்க வந்தவர்களின் கால்தான் அதை நலிய வைத்தது. இதை மறுபடியும் சொல்கிறேன், நடுவில் வானொலியைத் திருப்பியவர்களுக்காக: மரத்தை விரும்பி வந்தவர்களின் கால். அதனால்தான் மர நடையில் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று நச்சரிக்கிறோம். கூட்டமாகப் படம் எடுக்க வேண்டுமா, பாதையில் நின்று எடுங்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஒருவர் போனால் பின்னாலேயே முப்பது பேர் போவார்கள்.

வேர் என்றால் எல்லோரும் ஆழத்தையே நினைக்கிறோம். பெரும்பாலான மரங்களுக்கு வேரின் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை மீட்டர், முக்கால் மீட்டருக்குள்தான் இருக்கிறது. பக்கவாட்டிலோ கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகும். ஆக, நீங்கள் நிழலில் நிற்கிறீர்கள் என்றால் வேர் மேல்தான் நிற்கிறீர்கள்.

தன்னார்வலர் வேலையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கோடையில் ஒரு மரப் பூங்காவுக்கு மிகவும் வேண்டியவர் தண்ணீர் ஊற்றுகிறவரும் சருகு அள்ளிப் போடுகிறவரும்தான். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் எப்போதும் உண்டு. அந்தக் கன்றுக்கு முதல் இரண்டு மூன்று கோடையில் வாரா வாரம் தண்ணீர் கொண்டுபோக ஆள் தேட வேண்டியிருக்கிறது. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட இடைவெளி விட்டு ஊற ஊற ஊற்றுவது நல்லது. மேலாக நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும், ஒரு நாள் மறந்தால் கன்று வாடிவிடும். புதுக்கன்றுக்கு அடியை ஒட்டி ஊற்றலாம். வளர்ந்த மரத்துக்கு அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை. கிளை முடிகிற இடத்தை ஒட்டிச் சுற்றி ஊற்றுங்கள், தண்ணீர் குடிக்கும் வேர்கள் அந்தப் பக்கம்.

மூடாக்கு போடும்போது இரண்டு விஷயம். கனம் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் போதும். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஆசையாக அடிமரத்தில் மலை மாதிரி குவித்துவிடுகிறவர்கள் உண்டு. ஈரம் தங்கிப் பட்டை அழுகிவிடும். சருகைப் பெருக்கிக் கொளுத்துகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், நேரமும் போய்விடும். மரம் தன் காலடியில் தானே போட்டுக்கொள்ளும் போர்வை அது. அதை எரித்துவிட்டுப் பிறகு உரம் வாங்கிப் போடுகிறோம்.

கணக்கில் விருப்பம் உள்ளவர்களுக்கு அளக்கும் வேலை உண்டு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் அதே மரம், அதே உயரம். பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை போய், தளிர் உண்டா, மொட்டு உண்டா, பூ உண்டா, காய் உண்டா என்று குறித்து வருவது. இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற அமைப்பின் மூலம் பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்துவருகிறார்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் பூத்த நாட்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன. எழுதியவர்களுக்குத் தட்பவெப்ப ஆராய்ச்சி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை, பூ பார்க்கப் போன நாளைக் குறித்து வைத்தார்கள். 2021இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுக்கப் பூத்துவிட்டன. சுமார் 1,200 ஆண்டுப் பதிவில் அதுவரை அவ்வளவு முந்திப் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று அர்த்தம். வகுப்புகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்து வந்தேன். ஓடிக்கொண்டே சொல்கிறேன்.

முதல் வகுப்பு இலை. ஒரு வேப்பங்கிளையை எடுங்கள். கூரான ஓரம் வெட்டிய சின்ன இலை ஒன்றைப் பறித்து, காம்பு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. அந்தச் சின்ன இலைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் நீளக் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் பாருங்கள், மொட்டு இருக்கும். அப்படியானால் அந்த முழு நீளமும் சேர்ந்துதான் ஓர் இலை. இந்த ஒரு சோதனை தெரிந்தால் பாதி மரங்களில் குழப்பம் தீரும்.

அடுத்தது விதை. காகிதப் பையில் சேர்க்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தேதியும் மரத்தின் எண்ணும் பையிலேயே எழுதுங்கள். வேப்பம் விதையைச் சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும், முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். கொன்றை விதை நேர்மாறு, தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்.

இலையைப் பாடம் செய்யும் வகுப்பும் இருக்கிறது, செய்தித்தாள் நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றுவது. முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். இரவு நடை, வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சி பார்ப்பது, இதெல்லாம் சொல்லவே இல்லை. ஒரு விரல்தான் தெரிகிறது இப்போது. நடைக்கு வருகிறவர்கள் தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு, ஒரு பென்சில் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம், வியர்வையில் மை கலைந்துவிடும். வணக்கம்.